ரயில் படம் போட்டா ரயில்ரோடு வாட்ச் ஆயிடுமா?

பழைய அமெரிக்கன் பாக்கெட் வாட்ச் ஒண்ணு வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சீங்கன்னா மூணு டயலாக் கண்டிப்பா காதுல விழும். "இது ரயில்ரோடு வாட்ச் சார்." "21 ஜுவல்ஸ், உள்ள மாணிக்கக் கல்லு இருக்கு." "யாரோ ஓவரா சாவி கொடுத்துட்டாங்க, அதான் நின்னுருச்சு, மத்தபடி சூப்பர் கண்டிஷன்." ரயில்ரோடு வாட்ச்னா அந்தக் காலத்து அமெரிக்க ரயில் டிரைவர்ங்க டூட்டியில வெச்சுக்க ரயில் கம்பெனி ஒத்துக்கிட்ட வாட்ச். மூணு டயலாக்கையும் நானும் நம்பினவன்தான். நான் முதல்ல வாங்கின வாட்ச்ல பின்மூடி முழுக்க புகை விட்டுக்கிட்டு போற என்ஜின் படம், தங்கக் கலர்ல பதிச்சிருந்தாங்க, பார்க்கவே அவ்வளவு அழகு. ரயில்ரோடு வாட்ச் கிடைச்சிருச்சுன்னு ரெண்டு நாள் தூக்கமே வரல. மூணாவது நாள் மூடியைத் திறந்து பார்த்தா உள்ள 7 ஜுவல் எல்ஜின் மூவ்மென்ட். எல்ஜின் நல்ல கம்பெனிதான், ஆனா அந்த 7 ஜுவல் கிரேடை அந்தக் காலத்துல எந்த ரயில்வே இன்ஸ்பெக்டரும் டூட்டிக்கு விட்டிருக்க மாட்டார்.

அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வேலைதான் பண்ணப்போறேன். வாட்சோட பின்மூடியைத் திறந்தா உள்ள பிளேட்ல "21 ஜுவல்ஸ், அட்ஜஸ்டட் 5 பொசிஷன்ஸ்"னு எழுதியிருக்கும் பாருங்க, அந்த வரிக்கு உண்மையில என்ன அர்த்தம்னு சொல்லப்போறேன். அது புரிஞ்சா எது ரயில்ரோடு, எது ரயில் படம்னு நீங்களே சொல்லிடுவீங்க.

முதல்ல ஒரு விஷயம்: வாட்ச் ஒண்ணு இல்ல, ரெண்டு

இன்னைக்கு கடைக்குப் போய் வாட்ச் வாங்கினா முழு வாட்சா கையில கொடுத்துடுறாங்க. 1880, 1900 காலத்து அமெரிக்காவுல அப்படி இல்ல. உள்ள ஓடுற மெஷினுக்கு மூவ்மென்ட்னு பேரு, அதைச் செய்றது ஒரு கம்பெனி. வெளிக்கூடுக்கு கேஸ்னு பேரு, அதைச் செய்றது பெரும்பாலும் வேற கம்பெனி. நீங்க நகைக்கடைக்குப் போவீங்க, ஒரு மூவ்மென்ட்டைத் தேர்ந்தெடுப்பீங்க, கையில இருக்கிற காசுக்குத் தகுந்த மாதிரி ஒரு கேஸைத் தேர்ந்தெடுப்பீங்க, கடைக்காரர் ரெண்டையும் கல்யாணம் பண்ணி வெச்சு கொடுப்பார். துணி எடுத்து டெய்லர்கிட்ட கொடுக்கிற மாதிரி.

இது எப்படி சாத்தியம்னா, சைஸ் எல்லாம் ஒரே கணக்கு. 18 சைஸ்னா எந்தக் கம்பெனி செஞ்சாலும் சுமார் 45 மில்லிமீட்டர், 16 சைஸ்னா சுமார் 43, 12 சைஸ்னா 40-க்கு கொஞ்சம் கம்மி. இது மூவ்மென்ட்டோட அளவு, கேஸோட அளவு இல்ல.

இதனால ரெண்டு விளைவு. ஒண்ணு, வாட்சோட வயசைக் கண்டுபிடிக்க கேஸ்ல இருக்கிற நம்பர் உதவாது, மூவ்மென்ட்ல இருக்கிற சீரியல் நம்பர்தான் உதவும். அதை நெட்ல போட்டா எந்த வருஷம், எந்த கிரேடுன்னு வந்துடும். கேஸ் நம்பரைப் போட்டுட்டு "எதுவுமே வரலையே, டூப்ளிகேட்டா"ன்னு புலம்புறவங்க நிறைய பேர். ரெண்டாவது, பின்மூடியில இருக்கிற என்ஜின் படம், மான் படம், பூ வேலைப்பாடு எல்லாம் கேஸ்காரன் வேலை. உள்ள இருக்கிற மூவ்மென்ட்டுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. விவசாயி கூட என்ஜின் படம் போட்ட கேஸ் வாங்குவார், பார்க்க நல்லா இருக்குன்னு. நிஜ ரயில் டிரைவர் பாதி பேரு எந்தப் படமும் இல்லாத மொட்டைக் கேஸ்தான் வெச்சிருந்திருப்பாங்க.

தங்கம் பத்தி ஒரு வரி சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஆளுங்க முதல் கேள்வியே அதுதான். "14 கேரட், 20 வருஷ வாரண்டி"ன்னு கேஸ் உள்ள எழுதியிருந்தா அது முழுத் தங்கம் இல்ல. கோல்டு ஃபில்டு, அதாவது நடுவுல பித்தளை மாதிரி மட்ட உலோகம், ரெண்டு பக்கமும் தங்கத் தகடு வெச்சு அழுத்தினது. நம்ம கவரிங் நகையை விட தங்கம் தடிமனா இருக்கும், அதான் வித்தியாசம். அந்த 20 வருஷம்ங்கிறது வாட்ச் ஓடும்ங்கிற கேரண்டி இல்ல, தங்கம் தேஞ்சு உள்ள இருக்கிறது தெரியாதுங்கிற கேரண்டி. 1924-க்கு அப்புறம் இந்த வருஷக் கணக்கு போடக்கூடாதுன்னு அமெரிக்க அரசாங்கமே நிறுத்திடுச்சு. நிஜமான முழுத் தங்கக் கேஸ்களோட கதி சோகம். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கேஸைக் கழட்டி உருக்கிடுவாங்க, மூவ்மென்ட் மட்டும் அநாதையா ஏலத்துக்கு வரும். அதை அப்புறமா யாராவது வேற கேஸ்ல போடுவாங்க. மூவ்மென்ட்டைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ பக்கத்துல, கேஸோட உள்விளிம்புல இன்னொரு பழைய ஸ்க்ரூ தடம் தெரிஞ்சா, அது ரெண்டாம் கல்யாணம்.

சுருக்கமா: கேஸ் வேற, மூவ்மென்ட் வேற. படிக்க வேண்டியது மூவ்மென்ட்டை.

உள்ள என்னதான் நடக்குது

டிக் டிக்னு சத்தம் வருதே, அது எதோட சத்தம்? வீட்டு மேல தண்ணி டேங்க் இருக்குன்னு வெச்சுக்கோங்க. சாவி கொடுக்கிறது மோட்டார் போட்டு டேங்கை நிரப்புற மாதிரி. வாட்ச்ல டேங்கோட வேலையைச் செய்றது மெயின்ஸ்பிரிங், ஒரு டப்பாக்குள்ள சுருட்டி வெச்ச நீளமான எஃகு நாடா. அது விரியப் பார்க்கும், அந்த விசை நாலு சக்கரம் வழியா இறங்கி வரும். தடுக்க ஆள் இல்லைன்னா மொத்த விசையும் சில விநாடியில சர்ருனு ஓடித் தீர்ந்துடும்.

அதனால கடைசியில ஒரு கேட் வெச்சிருக்காங்க. கோயில்ல சிறப்பு தரிசன வரிசையில ஒருத்தர் நின்னு கம்பியைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு ஆளா உள்ள விடுவாரே, அதே வேலை. வாட்ச்ல அந்த ஆளுக்கு பேலட்னு பேரு, ரெண்டு கை இருக்கும். அவர் தடுத்து நிறுத்துற பல்சக்கரத்துக்கு எஸ்கேப் வீல்னு பேரு. ஒரு பல்லை விடு, அடுத்ததைப் பிடி, விடு, பிடி. டிக் டிக் அந்தச் சத்தம்தான்.

சரி, எப்ப விடணும்னு அந்த ஆளுக்கு யார் சொல்றது? அங்கதான் ஊஞ்சல் வருது. ஊஞ்சலை லேசா ஆட்டினாலும் கொஞ்சம் பலமா ஆட்டினாலும் போயிட்டு வர்ற நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கவனிச்சிருக்கீங்களா? வாட்ச்ல ஊஞ்சல் ஒரு வட்டச் சக்கரம், பேலன்ஸ் வீல்னு சொல்லுவாங்க. அதைத் திரும்பத் திரும்ப நடுவுக்கு இழுக்கிறது தலைமுடி மாதிரி மெல்லிசான ஒரு சுருள், பேரே ஹேர்ஸ்பிரிங். பேலன்ஸ் ஒவ்வொரு தடவை நடுவைத் தாண்டும்போதும் கேட்காரரைத் தட்டிவிட்டுட்டுப் போகும், அவர் ஒரு பல்லை விடுவார், அந்தப் பல்லு போற போக்குல ஊஞ்சலுக்கு ஒரு சின்னத் தள்ளு கொடுத்துட்டுப் போகும். அதனாலதான் ஊஞ்சல் நிக்காம ஆடுது.

இந்த வாட்ச்கள்ல பெரும்பாலானது ஒரு விநாடிக்கு 5 தட்டு. மணிக்கு 18,000. ஒரு வாரத்துக்கு 30 லட்சத்து 24 ஆயிரம். இந்தக் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஜுவல்: மாணிக்கம்தான், ஆனா நகைக்கு இல்ல

பழைய ஓட்டு வீட்டுக் கதவு பார்த்திருக்கீங்களா? கீல் இருக்காது. கதவோட மேலயும் கீழயும் குடுமி நீட்டிக்கிட்டு இருக்கும், கீழ்க் குடுமி ஒரு கல்லுல குடைஞ்ச குழியில உக்காந்து சுத்தும். ஏன் கல்லு? மரத்துல குழி போட்டா நாலு வருஷத்துல தேஞ்சு கதவு தொங்கிடும். கல்லு தேயாது. எங்க பாட்டி வீட்டுக் கதவு கிரீச்னு கத்தும்போது அந்தக் குழியில ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவாங்க, அவ்வளவுதான் மெயின்டனன்ஸ்.

வாட்ச்ல இருக்கிறதும் அச்சு அசல் அதுதான். ஒவ்வொரு சக்கரத்தோட அச்சு முனையும் ஒரு குடுமி, பிவட்னு சொல்லுவாங்க. பேலன்ஸ் வீலோட பிவட் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும், தலைமுடியை விட கொஞ்சம்தான் தடிமன். அது பித்தளை ஓட்டையில சுத்தினா ஓட்டை சீக்கிரமே நீள்வட்டமாத் தேஞ்சு போகும். அதனால மாணிக்கம், நீலம், செந்நிறக் கார்னெட் மாதிரி கெட்டியான கல்லுல ஓட்டை போட்டு அதுல உக்கார வெச்சாங்க. அதுதான் ஜுவல். ஆரம்பத்துல இயற்கைக் கல்லு, 1902-ல வெர்னோய்ங்கிற பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செயற்கை மாணிக்கம் செய்ற முறையை வெளியிட்ட பிறகு கல்லு இன்னும் மலிவாப் போச்சு. கழட்டி வித்தா டீ செலவுக்குக் கூட தேறாது. வாட்சை உடைச்சு மாணிக்கம் எடுத்தவங்க கதையெல்லாம் கேட்டிருக்கேன், பாவம்.

இப்போ எண்ணிக்கை. 7 ஜுவல்னா ஊஞ்சலுக்கும் கேட்காரருக்கும் மட்டும்: பேலன்ஸோட ரெண்டு முனைக்கும் ஓட்டைக் கல்லு ஒண்ணு, அதுக்கு மேல மூடிக் கல்லு ஒண்ணு, ஆக 4. பேலட்டோட ரெண்டு கைக்கும் 2. பேலன்ஸ் தட்டிவிடுதே, அந்தத் தட்டுற முள்ளு 1. இந்த ஏழும்தான் ரொம்ப வேலை செய்ற இடம். 15 ஜுவல்னா பேலட் அச்சு, எஸ்கேப் வீல், அதுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு சக்கரம், இதுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் கல்லு. 17 வந்தா நடுச் சக்கரத்துக்கும் கிடைச்சாச்சு. 21-னா பேலட்டுக்கும் எஸ்கேப் வீலுக்கும் மூடிக் கல்லு சேரும். 23-ல மெயின்ஸ்பிரிங் டப்பாவோட அச்சுக்கும் கல்லு.

கவனிங்க, 17 வந்ததும் சுத்துற முக்கியமான அச்சு எல்லாத்துக்கும் கல்லு வந்தாச்சு. அதுக்கு மேல போறதுல லாபம் இருக்கு, ஆனா கொஞ்சம்தான். 21 ஜுவல் வாட்ச் 17 ஜுவலை விட நல்லா ஓடுறதுக்குக் காரணம் அந்த நாலு கல்லு இல்ல. 21 ஜுவல் போடுற அளவுக்கு உசந்த கிரேடுன்னா அதுமேல வேற ஒரு வேலையையும் மெனக்கெட்டு செஞ்சிருப்பாங்க. அது என்னன்னு அடுத்து.

சுருக்கமா: ஜுவல்ங்கிறது தேய்மானத்தைத் தடுக்கிற கல்குழி. எண்ணிக்கை கிரேடுக்கு ஒரு அடையாளம், நேரம் துல்லியமா காட்டும்ங்கிற வாக்குறுதி இல்ல.

அட்ஜஸ்டட்: இந்த வார்த்தைக்குத்தான் நிஜமான காசு

யாரும் இதைப் பத்திப் பேச மாட்டாங்க, ஏன்னா ஜுவல் மாதிரி கண்ணுல தெரியாது. ஆனா வாட்ச் ஃபேக்டரியில அதிக நேரமும் கைப்பக்குவமும் போனது இதுலதான்.

சைக்கிளைத் தலைகீழா கவுத்து வெச்சு முன் சக்கரத்தைச் சுத்தி விடுங்க. வேகம் குறைஞ்சு கடைசியில முன்னும் பின்னும் ஆடி நிக்கும்போது பெரும்பாலும் ட்யூப் வால்வு கீழ வந்து நிக்கும், ஏன்னா அந்தப் பக்கம் கொஞ்சம் கனம். அதே சக்கரத்தைப் படுக்க வெச்சு சுத்தினா கனம் எந்தப் பக்கம் இருந்தாலும் கவலை இல்ல. பேலன்ஸ் வீலும் அப்படித்தான். டேபிள்ல வாட்சைப் படுக்க வெச்சா ஒரு மாதிரி ஓடும், பாக்கெட்ல நிக்க வெச்சா வேற மாதிரி ஓடும். ஒரு பக்கம் துளி கனம் இருந்தாலே நாளைக்கு நிமிஷக் கணக்குல வித்தியாசம் வரும். அதனால பேலன்ஸ் வீல் ஓரத்துல குட்டிக் குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதோட கனத்தைக் கூட்டிக் குறைச்சு, வாட்சை முகம் மேல, முகம் கீழ, குமிழ் (சாவி கொடுக்கத் திருகுறது) மேல, குமிழ் இடது, குமிழ் வலதுன்னு அஞ்சு நிலையிலயும் ஓட விட்டு, அஞ்சும் ஒரே மாதிரி வர்ற வரைக்கும் உக்காந்து சரி பண்ணுவாங்க. "அட்ஜஸ்டட் 5 பொசிஷன்ஸ்"னா இதுதான்.

அடுத்தது சூடு. எஃகு ஹேர்ஸ்பிரிங் சூட்டுல தளர்ந்துடும், ஊஞ்சல் மெதுவாகும். சும்மா விட்டா ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே நாளைக்கு 10 விநாடிக்குப் பக்கத்துல ஸ்லோ ஆகும். பனி கொட்டுற ராத்திரியில அடுப்பு எரியிற என்ஜின்ல நிக்கிற டிரைவரோட வாட்சை நினைச்சுப் பாருங்க. இதுக்கு ஒரு தந்திரம் கண்டுபிடிச்சாங்க, எனக்கு இந்த மொத்தப் பொருள்லயும் ரொம்பப் பிடிச்சது இதுதான். பேலன்ஸ் வீலோட வளையம் முழு வளையமா இருக்காது, ரெண்டு இடத்துல வெட்டியிருக்கும். உள்பக்கம் எஃகு, வெளிப்பக்கம் பித்தளை, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். சூடு பட்டா பித்தளை எஃகை விட அதிகமா விரியும், வெளிய இருக்கிறது விரிஞ்சா வெட்டின முனை உள்பக்கமா வளையும், கனம் நடுவுக்கு வரும், சக்கரம் வேகமா ஆடும். பரதநாட்டியமோ சர்க்கஸோ, கையை விரிச்சு சுத்துறவங்க கையை மடக்கினதும் வேகம் கூடுமே, அதேதான். ஸ்பிரிங் தளர்ந்ததால வந்த ஸ்லோவும் இந்த வேகமும் ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணிக்கும். பார்க்கிறவங்க அந்த வெட்டைப் பார்த்து "ஐயோ வீல் உடைஞ்சிருக்கு"ன்னு சொல்லுவாங்க. உடையல, அப்படித்தான் இருக்கணும். பின்னாடி சூட்டுக்குத் தளராத எலின்வார்ங்கிற உலோகக் கலவை வந்துச்சு, கண்டுபிடிச்ச கியோமுக்கு 1920-ல இயற்பியல் நோபல் பரிசே கிடைச்சது, அப்புறம் இந்த வெட்டு தேவையில்லாமப் போச்சு.

மூணாவது, டேங்க் நிறைய இருந்தாலும் அடியில இருந்தாலும் ஒரே மாதிரி ஓடணும், இதுக்கு ஐசோக்ரோனிசம்னு பேரு. சூடு, குளிர், இது, அஞ்சு நிலை, மொத்தம் எட்டு. சில வாட்ச்ல "8 அட்ஜஸ்ட்மென்ட்ஸ்"னு எழுதியிருந்தா இந்தக் கணக்குதான், எட்டு நிலைன்னு நினைச்சுடாதீங்க. வெறும் "அட்ஜஸ்டட்"னு மட்டும் போட்டிருந்தா பொதுவா சூடு குளிருக்கு மட்டும், நிலை கணக்குல வராதுன்னு எடுத்துக்கலாம்.

இப்போ ரயில் வருது

அந்தக் காலத்துல அமெரிக்காவுல நிறைய இடத்துல ஒரே தண்டவாளம். எதிரும் புதிருமா ரெண்டு ரயில் வரும், டைம்டேபிள்படி ஒண்ணு இந்த ஸ்டேஷன்ல லூப் லைன்ல ஒதுங்கி நிக்கணும், இன்னொண்ணு தாண்டிப் போகணும். டிரைவர் கையில ரேடியோ எல்லாம் கிடையாது. அவர் நம்புறது பாக்கெட்ல இருக்கிற வாட்சை மட்டும்தான். அதுவும் 1883 நவம்பர் 18 வரைக்கும் ஊருக்கு ஊர் ஒரு நேரம், அன்னைக்குத்தான் ரயில் கம்பெனிங்க சேர்ந்து பொது நேர மண்டலங்களைக் கொண்டு வந்தாங்க.

1891 ஏப்ரல்ல ஓஹியோ மாநிலத்துல கிப்டன்ங்கிற சின்ன ஸ்டேஷன்ல ஒரு பயணி ரயிலும் வேகமா வந்த தபால் ரயிலும் நேருக்கு நேர் மோதிச்சு, தபால் பிரிக்கிற ஊழியர்கள் உட்பட பல பேர் செத்துப் போனாங்க. பயணி ரயில் டிரைவரோட வாட்ச் நடுவுல நாலு நிமிஷம் நின்னுட்டு திரும்ப தானா ஓட ஆரம்பிச்சிருக்கு, அவருக்குத் தெரியல, அதனால இன்னும் நேரம் இருக்குன்னு நினைச்சுட்டார்னு வழக்கமாச் சொல்லுவாங்க. நின்னே போயிருந்தா கவனிச்சிருப்பார், நின்னுட்டு ஓடினதுதான் வினை.

இதுக்கப்புறம் அந்த ரயில் கம்பெனி கிளீவ்லண்ட்ல நகைக்கடை வெச்சிருந்த வெப் சி. பால்ங்கிறவரைக் கூப்பிட்டு வாட்ச் இன்ஸ்பெக்ஷன் முறையை ஒப்படைச்சது. அதுக்கு முன்னாடியும் சில கம்பெனிகள்ல விதி இருந்துச்சு, ஆனா பாலுக்கு அப்புறம்தான் அது பெரிய அளவுல பரவி, வருஷா வருஷம் இறுகிச்சு. அந்த விதிகளைப் பாருங்க, மேல படிச்சதெல்லாம் இங்க வந்து உக்காரும். 18 அல்லது 16 சைஸ். முகத்துக்கு மூடி கிடையாது, ஒரு பார்வையில தெரியணும். குறைஞ்சது 17 ஜுவல். அஞ்சு நிலைக்கு அட்ஜஸ்ட். சுமார் 1 டிகிரியில இருந்து 38 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அட்ஜஸ்ட். வெள்ளை டயல்ல தடிமனா கருப்பு எண்கள், முள்ளும் கருப்பா எடுப்பா இருக்கணும். ஒரு வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல தப்பு வரக்கூடாது.

முன்னாடி போட்ட கணக்கை எடுங்க. 30 விநாடின்னா 150 தட்டு. வாரத்துக்கு 30 லட்சத்து 24 ஆயிரம் தட்டுல 150 தப்பு வரைக்கும்தான் மன்னிப்பு. அதுவும் குலுங்குற என்ஜின்ல.

இன்னொரு விதி இருக்கு, புதுசா வாங்குறவங்க இதுல மாட்டிக்குவாங்க. நம்ம வாட்ச்ல குமிழை இழுத்து முள்ளைத் திருப்புவோம். ரயில்ரோடு வாட்ச்ல அது கூடாது, ஏன்னா பாக்கெட்ல இருந்து எடுக்கும்போது தெரியாம குமிழ் இழுபட்டு நேரம் மாறிட்டா போச்சு. அதனால முன்கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழட்டி, டயல் ஓரத்துல ஒளிஞ்சிருக்கிற ஒரு குட்டி லீவரை நகத்தால வெளிய இழுத்து, அப்புறம்தான் குமிழைத் திருப்பணும். இதுக்கு லீவர் செட்னு பேரு. இது தெரியாம குமிழைப் பிடுங்கி இழுத்து உடைச்ச வாட்ச் எத்தனையோ.

என்கிட்ட இப்போ ஒரு ஹாமில்டன் 992 இருக்கு. ஹாமில்டன் பென்சில்வேனியாவுல லான்காஸ்டர்ல 1892-ல ஆரம்பிச்ச கம்பெனி, 992 அவங்களோட 16 சைஸ் 21 ஜுவல் ரயில்ரோடு கிரேடு. வாட்சை முகம் கீழ இருக்கிற மாதிரி உள்ளங்கையில வெச்சு பின்மூடியை மெதுவா எதிர்ப்பக்கம் திருகினா கழண்டு வரும். உள்ள நிக்கல் பிளேட் முழுக்க பட்டுப்புடவையில வெளிச்சம் பட்ட மாதிரி வரிவரியா மின்னும், அதுக்கு டமாஸ்கீனிங்னு பேரு. நடுச் சக்கரம் தங்க நிறம். மாணிக்கக் கல்லு ஒவ்வொண்ணும் ஒரு குட்டி வளையத்துல, ரெண்டு மூணு பொடி ஸ்க்ரூ போட்டு உக்காந்திருக்கும். கருப்பு எழுத்துல கம்பெனி பேரு, 992, 21 ஜுவல்ஸ், அட்ஜஸ்டட் 5 பொசிஷன்ஸ். வெளிய கேஸ்ல ஒரு படமும் இல்ல. என் என்ஜின் படம் வாட்சைப் பக்கத்துல வெச்சா தெரியாதவங்க கை அந்த என்ஜினுக்குத்தான் போகும்.

நம்ம ஊர்ல தாத்தா டிரங்குப் பெட்டியில ரயில் படம் போட்ட பாக்கெட் வாட்ச் கிடைச்சா அது பெரும்பாலும் ஸ்விஸ்தான், அமெரிக்கன் இல்ல. அமெரிக்காவுலயே அந்தக் காலத்துல ஸ்விஸ்ல இருந்து அமெரிக்கப் பேரு மாதிரி பேரு வெச்சு, டயல்ல என்ஜின் படம் போட்டு மட்டமான வாட்ச் நிறைய இறக்கினாங்க. ரயில் படத்தோட மயக்கம் நூறு வருஷத்துக்கும் மேல பழசு.

சுருக்கமா: ரயில்ரோடு கிரேடுங்கிறது ஒரு பரீட்சை. மூவ்மென்ட்டும் டயலும்தான் அதை எழுதும், கேஸ் எழுதாது.

"ஓவரா சாவி கொடுத்துட்டாங்க": ரிப்பேர் பக்கம்

முழுசா சாவி ஏறியிருக்கு, வாட்ச் ஓடல. உடனே ஓவர் வைண்டுன்னு தீர்ப்பு. யோசிச்சுப் பாருங்க, டேங்க் நிறைஞ்சிருக்கு, குழாய்ல தண்ணி வரல, டேங்க் நிறைஞ்சதாலயா வரல? குழாய் அடைச்சிருக்கு. வாட்ச் அழுக்கால நின்னிருக்கும், யாரோ ஓட வைக்கலாம்னு சாவி கொடுத்துப் பார்த்து, கடைசி வரைக்கும் ஏத்திட்டு விட்டிருப்பாங்க. எண்ணெய் காஞ்சு பிசின் மாதிரி ஆயிருக்கும், இல்லைன்னா பேலன்ஸோட அச்சு உடைஞ்சிருக்கும். அந்த 0.1 மில்லிமீட்டர் குடுமிக்கு அந்தக் காலத்துல அதிர்ச்சி தாங்குற அமைப்பு எதுவும் கிடையாது, டேபிள்ல இருந்து ஒரு தடவை விழுந்தா போதும்.

வாங்கின அன்னைக்கே ஓட விடாதீங்க, இது என் ஒரே கண்டிப்பான அட்வைஸ். காஞ்ச எண்ணெயில தூசி கலந்து உப்புத்தாள் மாதிரி ஆயிருக்கும், ஓட ஓட எஃகுக் குடுமியை அராவிடும். ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கவே அடிக்காதீங்க, அது ஹேர்ஸ்பிரிங்ல பட்டா சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், சுருள் நீளம் குறைஞ்ச மாதிரி ஆகி வாட்ச் குதிரை மாதிரி ஓடும். "ஒரு மணி நேரத்துக்கு பத்து நிமிஷம் ஃபாஸ்ட்"னு சொன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், அடுத்தது காந்தம் ஏறியிருக்கும்.

சர்வீஸ்னா என்ன பண்ணுவாங்க? முதல்ல மெயின்ஸ்பிரிங்கோட விசையை மெதுவா இறக்கணும், குமிழைக் கையில பிடிச்சுக்கிட்டு, பின்னாடி சுத்தாம தடுக்கிற கொக்கியை விலக்கி, குமிழை விரலுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா வழுக்க விடணும். இதைச் செய்யாம பேலட்டைக் கழட்டினா மொத்த விசையும் ஒரே பாய்ச்சல்ல சக்கரம் வழியா ஓடி, பல்லோ பிவட்டோ போயிடும். ஆர்வக்கோளாறுல நான் ஒரு மூவ்மென்ட்டை இப்படித்தான் பாழாக்கினேன், சர்ருனு ஒரு சத்தம், அரை விநாடி, நூறு வருஷ எஸ்கேப் வீல் பிவட் காலி. விசை இறங்கினப்புறம் பேலன்ஸ், பேலட், சக்கரங்கன்னு கழட்டி, கரைசல்ல கழுவி, ஒவ்வொரு கல் ஓட்டையையும் கூராக்கின மரக்குச்சியால குத்திச் சுத்தம் பண்ணி, காஞ்சப்புறம் ஓட்டைக்கு ஓட்டை ஊசிமுனை அளவு எண்ணெய். பேலட் அச்சுக்கு பொதுவா எண்ணெயே விட மாட்டாங்க. பழைய நீல எஃகு மெயின்ஸ்பிரிங் சுருண்டு சுருண்டு களைச்சுப் போயிருந்தா இப்போ கிடைக்கிற வெள்ளை அலாய் ஸ்பிரிங் போடலாம்.

பார்ட்ஸ் எங்க கிடைக்கும்னு பயப்படாதீங்க. ஆரோன் டெனிசன்ங்கிறவரு துப்பாக்கித் தொழிற்சாலையில ஒரே அச்சுல பாகங்கள் செய்றதைப் பார்த்துட்டு, வாட்சையும் இப்படிச் செய்யலாமேன்னு 1850-ல கூட்டாளிகளோட ஆரம்பிச்சதுதான் பின்னாடி வால்தம் கம்பெனியா வளர்ந்தது. அதே வழியில எல்ஜின், ஹாமில்டன், இல்லினாய்ஸ் எல்லாம் வந்தாங்க. எல்ஜின் மட்டுமே மொத்தம் 6 கோடி வாட்ச் அளவுக்கு செஞ்சிருக்கு. ஒரே கிரேடு செத்த மூவ்மென்ட் ஒண்ணு வாங்கினா அதோட பார்ட் பெரும்பாலும் இதுல பொருந்தும். பிளேட்டை மட்டும் பாலிஷ் போடாதீங்க, அந்த டமாஸ்கீனிங் மேலோட்டமான கோடுதான், தேய்ச்சா போயிடும், திரும்ப வராது.

கேஸ்ல இருந்து வெளிய எடுத்த மூவ்மென்ட்ல சாவி ஏறலைன்னா கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. நிறைய அமெரிக்கன் வாட்ச்ல குமிழோட தண்டு கேஸ்ல இருக்கும், மூவ்மென்ட்ல இருக்காது, தண்டு உள்ள அழுத்தலைன்னா மூவ்மென்ட் தானாவே முள்ளு திருப்புற நிலைக்குப் போயிடும். கேஸ்ல போட்டா சரியாயிடும். விக்கிறவங்களே இது தெரியாம "ரிப்பேர்"னு போட்டு மலிவா தள்ளிவிடுற மூவ்மென்ட் இருக்கு, அதுல ரெண்டை நான் பிடிச்சிருக்கேன்.

வாங்கும்போது மூவ்மென்ட்டோட தெளிவான படம் கேளுங்க, டயல்ல விரிசல் இருக்கான்னு சாய்வா வெளிச்சத்துல எடுத்த படம் கேளுங்க. ஓடுதுன்னு சொன்னா படுக்க வெச்சா, நிக்க வெச்சா, ரெண்டுலயும் ஓடுதான்னு கேளுங்க. படுக்க வெச்சா மட்டும் ஓடுற வாட்சுக்கு பிவட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

என்னோட அந்த என்ஜின் படம் எல்ஜினை சர்வீஸ் பண்ணி டேபிள்ல வெச்சிருக்கேன். படுக்க வெச்சா நாளைக்கு ஒரு நிமிஷம் ஃபாஸ்ட், நிக்க வெச்சா ரெண்டு நிமிஷம் ஸ்லோ. பகல்ல பாதி நேரம் நிக்க வெச்சு, ராத்திரி படுக்க வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கேன், சில வாரம் கணக்கு கிட்டத்தட்ட சரியா வருது.